5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 53 வருகிறதா? ஜாவாஸ்கிரிப்ட்டில் உள்ளீட்டை எண்ணாக மாற்றும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

கூட்டிக் கழிக்கும் சின்ன கால்குலேட்டர், வயதைக் கேட்டுப் பதில் சொல்லும் பக்கம், ஒளித்து வைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்தவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் இதில் ஒன்றைத்தான். மூன்றுமே ஒரே இடத்தில் தடுக்கி விழும். விசைப்பலகையில் தட்டியது எண். நிரலுக்குள் வந்து சேர்ந்தது ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில், நான் கேட்கும் கேள்விகள் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் வருகின்றன என்பதைக் கவனித்தேன். அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில் இருக்கும், அதிக வேலை வைக்கும் காரணம் கடைசியில் இருக்கும்.

ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். வேரியபிள் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்திருக்கிறேன், ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும். திரையில் என், ஏ, என் என்று மூன்றெழுத்தாக ஒன்று வருமே, "இது எண் அல்ல" என்று சொல்வது, அதை நேன் என்று குறிப்பிடுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்: இரண்டு நிமிடச் சோதனை

பிழை வந்தவுடன், ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் நம்பர்( )-ஐக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு தவறு இரண்டாகிவிடும், எது முதல் தவறு என்பதும் மறைந்துவிடும். முதலில் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்.

கன்சோல்.லாக்(வயது) என்று போட்டால், அது ஸ்ட்ரிங்காக இருந்தாலும் எண்ணாக இருந்தாலும் 42 என்றே அச்சாகும். நிறத்தில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதை நம்ப வேண்டாம். சதுர அடைப்புக்குள் வைத்து, கன்சோல்.லாக்([வயது]) என்று போடுங்கள். ஸ்ட்ரிங் என்றால் மேற்கோள் குறியோடு ["42"] என்று வரும். எண் என்றால் வெறும் [42]. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழக்கப்படுத்திக்கொண்டால், கீழே இருக்கும் தலைப்புகளில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டியிருக்காது.

டைப்ஆஃப் வயது என்று கேட்பது இன்னொரு வழி. அதில் ஒரு பொறி இருக்கிறது: நேன்-ஐக் கொடுத்து டைப் கேட்டாலும் "நம்பர்" என்றுதான் பதில் வரும். எனவே டைப்ஆஃப் "நம்பர்" என்று சொல்லிவிட்டது என்பதால் உள்ளே ஒழுங்கான எண் இருக்கிறது என்று ஆகாது.

ஸ்ட்ரிங் என்று தெரிந்தால் அதன் லெங்த்தையும், அதாவது அதில் எத்தனை எழுத்து என்பதையும், பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு 42 தெரிகிறது, லெங்த் 3 என்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கூடவே வந்திருக்கிறது.

அறிகுறி: கூட்டினால் ஒட்டிக்கொள்கிறது

5 கொடுத்து 3 கொடுத்தால் 53. பிழைகளில் இதுதான் மூத்தது.

*மாற்றவே இல்லை.* கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் சின்னப் பெட்டியான பிராம்ப்ட் கொடுப்பது ஸ்ட்ரிங். இன்புட் பெட்டியின் வேல்யூ கொடுப்பதும் ஸ்ட்ரிங். "நான் பெட்டிக்கு டைப் நம்பர் என்று வைத்திருக்கிறேனே" என்பார்கள். அந்த டைப், பெட்டிக்குள் எதை அடிக்கலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்தும். வேல்யூ என்று கேட்டு எடுக்கும்போது அப்போதும் ஸ்ட்ரிங்தான் வரும். வாங்குகிற வரியிலேயே நம்பர்( )-க்குள் போட்டு வாங்குங்கள். கணக்குப் போடும் வரியில் மாற்றினால், நாளைக்கு இன்னொரு கணக்கு வரி சேர்க்கும்போது அங்கே மறந்துபோவீர்கள்.

இந்தக் காரணத்தை நிறையப் பேர் சந்தேகிக்காமல் விடுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு மாணவி கால்குலேட்டர் எழுதிக்கொண்டு வந்தார். நான்கு பட்டன்கள். கழித்தல் சரி, பெருக்கல் சரி, வகுத்தல் சரி, கூட்டல் மட்டும் தப்பு. "மூன்று சரியாக வருகிறதே, அப்படியானால் உள்ளீடு எண்ணாகத்தானே இருக்க வேண்டும்" என்று கூட்டல் பட்டனின் நிரலை நான்கு முறை அழித்து எழுதியிருந்தார். அந்த நிரலில் ஒரு குறையும் இல்லை. கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகளுக்கு எழுத்துகளோடு வேறு வேலை கிடையாது, அதனால் "5" - "3" என்று கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே எண்ணாக்கி 2 என்று தந்துவிடும். + குறிக்கு மட்டும் ஒட்டும் வேலையும் உண்டு. இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் ஸ்ட்ரிங்காக இருந்தாலே அது ஒட்டும். ஆக, சரியாக ஓடிய மூன்று பட்டன்கள்தான் அவரை ஏமாற்றின. கூட்டல் மட்டும் தப்பாக வருகிறது என்றால், அதுவே உள்ளீடு ஸ்ட்ரிங்காக இருப்பதற்கான ஆதாரம்.

*மாற்றினீர்கள், வாங்கிக்கொள்ளவில்லை.* தனி வரியில் நம்பர்(வயது) என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த ஃபங்ஷன் புதிய மதிப்பைத் திருப்பிக் கொடுக்கும், பழைய வேரியபிளைத் தொடாது. வயது = நம்பர்(வயது) என்று இருக்க வேண்டும்.

*எண்கள் சரி, விடையைக் காட்டும் வரி தப்பு.* இதைப் பாருங்கள்:

"மொத்தம்: " + 5 + 3

இது இடமிருந்து வலமாக நடக்கும். முதலில் எழுத்தோடு 5 ஒட்டும், அப்புறம் அந்த நீள ஸ்ட்ரிங்கோடு 3 ஒட்டும். "மொத்தம்: 53". அடைப்புக்குறி போட்டு "மொத்தம்: " + (5 + 3) என்றால் தீர்ந்தது. இதே வரியில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் இருந்தால் நேன் வரும், ஏனென்றால் "மொத்தம்: 5" என்ற எழுத்திலிருந்து 3-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள்.

*தொடக்க மதிப்பு தப்பு.* சுற்றுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டும் நிரலில், மொத்தம் = "" என்று வெற்று ஸ்ட்ரிங்கில் ஆரம்பித்தால் கடைசிவரை ஒட்டிக்கொண்டேதான் போகும். 0-வில் ஆரம்பியுங்கள்.

*நடுவழியில் மறுபடி ஸ்ட்ரிங் ஆகிவிட்டது.* இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். டூஃபிக்ஸ்ட்(2) போட்டால் இரண்டு தசம இடத்தோடு அழகாக வரும், ஆனால் வருவது ஸ்ட்ரிங். அதை வைத்து அடுத்த கூட்டலைப் போட்டால் ஒட்டும். டூஃபிக்ஸ்ட் திரையில் காட்டும் கடைசி வரிக்கு மட்டும்தான். பிரவுசருக்குள் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் லோக்கல்ஸ்டோரேஜும் இப்படியே: எண்ணாகப் போட்டு வைத்தாலும் ஸ்ட்ரிங்காகத்தான் திரும்பி வரும். எடுக்கும் இடத்தில் மறுபடி மாற்ற வேண்டும்.

+"42" என்று முன்னால் ஒரு கூட்டல் குறி வைத்தும் எண்ணாக்கலாம். நம்பர்( ) செய்யும் அதே வேலைதான். நிறைய நிரல்களில் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம். கற்கும் காலத்தில் நம்பர்( ) என்றே எழுதுங்கள் என்பேன், பிறகு படிக்கும்போது என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறது.

அறிகுறி: நேன் வருகிறது

ஒரு கேள்வியிலேயே இதை இரண்டாகப் பிரித்துவிடலாம்: எதைக் கொடுத்தாலும் நேன் வருகிறதா, சிலவற்றுக்கு மட்டுமா?

எதைக் கொடுத்தாலும் நேன்

பிழை உங்கள் நிரலில்தான், உள்ளீட்டில் இல்லை. வேல்யூ என்ற சொல்லில் ஓரெழுத்து விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். இல்லாத ஒன்றைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் திட்டாது, அன்டிஃபைன்ட் என்று கொடுத்துவிடும், அதை எண்ணாக்கினால் நேன். வேல்யூவையே விட்டுவிட்டு இன்புட் பெட்டியை அப்படியே நம்பர்( )-க்குள் போட்டாலும் நேன். சுற்றுக்கு முன் மொத்தம் என்ற வேரியபிளை அறிவித்துவிட்டு 0 கொடுக்க மறந்தாலும் நேன்: அன்டிஃபைன்டோடு 5-ஐக் கூட்டினால் வேறென்ன வரும்.

நேன் தொற்றும். ஒரு இடத்தில் வந்தால் அதன் பிறகு வரும் கணக்கெல்லாம் நேன் ஆகிவிடும். அதனால் கடைசி விடையிலிருந்து பின்னோக்கி வராதீர்கள். உள்ளீடு வாங்கும் வரியிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கீழே சதுர அடைப்புச் சோதனையைப் போட்டுக்கொண்டே வாருங்கள், முதன்முதலில் நேன் தெரியும் வரிதான் குற்றவாளி.

சிலவற்றுக்கு மட்டும் நேன்

இப்போது உள்ளீட்டைச் சந்தேகப்படலாம். 12,500 என்று காற்புள்ளி போட்டிருக்கிறாரா? நம்பர்( ) காற்புள்ளியை ஏற்காது. "70 கிலோ" என்று அலகோடு அடித்திருக்கிறாரா? அதையும் ஏற்காது. தசமத்துக்குப் புள்ளிக்குப் பதிலாக 3,5 என்று காற்புள்ளி வைக்கும் பழக்கமுள்ளவரா? "௪௨" என்று தமிழ் இலக்கத்தில் அடித்திருக்கிறாரா? 0 முதல் 9 வரையான இலக்கங்கள் மட்டுமே இங்கே செல்லும், தமிழ் இலக்கம் கொடுத்தால் நம்பர்( ), பார்ஸ்இன்ட்( ) இரண்டுமே நேன் தரும்.

காற்புள்ளிகளை நீக்க ரிப்ளேஸ் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "1,250,000" என்பதில் ரிப்ளேஸ்(",", "") முதல் காற்புள்ளியை மட்டுமே நீக்கி "1250,000" என்று தரும். மறுபடியும் நேன். ரிப்ளேஸ்ஆல் வேண்டும்.

முன்பின் இடைவெளி பிரச்சினை இல்லை. "  42  " என்பதை நம்பர்( ) தானே ஒதுக்கிவிட்டு 42 ஆக்கும். ஆனால் வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அகலமே இல்லாத இடைவெளி எழுத்து ஒன்று கூட வரும். முன்பின் இடைவெளியை வெட்டும் ட்ரிம்( ) அதை நீக்காது, நம்பர்( ) பொறுக்காது. முன்னால் சொன்ன லெங்த் சோதனை இதற்குத்தான்.

லெங்த் சோதனையிலும் சிக்காத ஒன்றை ஒருமுறை பார்த்தேன். செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட் மாற்றும் நிரல். எழுதிய தம்பி சோதித்துப் பார்க்க மைனஸ் 40-ஐத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு அளவையும் ஒன்றாகச் சந்திக்கும் புள்ளி அது, விடை சரியா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும், நல்ல தேர்வு. கையால் அடித்தால் -40 சரியாக வருகிறது. ஒரு கட்டுரையிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் நேன். இரண்டுக்கும் லெங்த் 3. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு ஒரு மயிரிழை நீளம், அவ்வளவுதான். முதல் எழுத்தின் எண்ணைக் கேட்டோம், சார்கோட்அட்(0) என்று. அடித்ததில் 45. ஒட்டியதில் 8722. விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு வேறு, அச்சுக்காக வைத்திருக்கும் கழித்தல் குறி வேறு. ஜாவாஸ்கிரிப்ட் 45-ஐ மட்டுமே கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும். 8211 என்று வந்தால் அது அச்சுக்கோப்பில் வரும் இன்னொரு கோடு, அதுவும் செல்லாது.

அவர் என்னிடம் வருவதற்கு முன் ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தார்: இலக்கமும் புள்ளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டி எறிவது. நேன் போய்விட்டது. மைனஸ் 40 வெறும் 40 ஆகி, விடை 104 என்று வந்தது. இது நேன் வருவதைவிட மோசம். நேன் வந்தால் ஏதோ தப்பு என்று தெரியும். 104 வந்தால் யாருக்கும் தெரியாது. எதை நீக்குகிறோம் என்று பெயர் சொல்லி நீக்குங்கள். 8722-ஐ 45 ஆக மாற்றுவது என்றால் அதை மட்டும் செய்யுங்கள். தெரியாத எழுத்து வந்தால் வெட்டாதீர்கள், "எண்ணாகக் கொடுங்கள்" என்று பயனரிடமே திருப்பிக் கேளுங்கள்.

நேன் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை

வயது === நேன் என்று ஒப்பிட்டால் ஒருபோதும் உண்மை ஆகாது. நேன் தனக்குத்தானே சமமில்லை. நம்பர்.இஸ்நேன்(வயது) என்று கேளுங்கள். முன்னால் நம்பர் இல்லாத பழைய இஸ்நேன்( ) ஒன்று இருக்கிறது. அது தானே ஒருமுறை எண்ணாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும், எனவே வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் "பிரச்சினை இல்லை" என்றுவிடும். மாற்றி முடித்த மதிப்பின் மேல் புதியதைப் பயன்படுத்துவதே தெளிவு.

அறிகுறி: காலியாக விட்டாலும் 0 வருகிறது

பயனர் எதுவுமே அடிக்கவில்லை. உங்கள் பக்கம் "உங்கள் வயது 0" என்கிறது.

முதலில் எளிய ஒன்றைத் தள்ளிவிடுவோம். எதை அடித்தாலும் 0 தானா? அப்படியென்றால் வேல்யூவை வாங்கும் வரி பட்டன் ஃபங்ஷனுக்கு வெளியே, மேலே இருக்கிறது. பக்கம் திறந்த நொடியில், பெட்டி காலியாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிட்டீர்கள். அந்த வரியைப் பட்டனை அழுத்தும்போது ஓடும் ஃபங்ஷனுக்குள் நகர்த்துங்கள்.

காலியாக விட்டால் மட்டும் 0 என்றால், அது நம்பர்( )-இன் குணம். வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் 0. வெறும் இடைவெளிகளைக் கொடுத்தாலும் 0. பிராம்ப்ட்டில் கேன்சல் அழுத்தினால் வருவது நல் என்ற மதிப்பு, அதை எண்ணாக்கினாலும் 0. மூன்று விதமான "பதில் இல்லை"யும் ஒரு நிஜமான எண்ணாகிவிடுகின்றன.

டைப் நம்பர் வைத்த பெட்டியில் இன்னொரு திருப்பம் உண்டு. அதற்குள் --5 என்று அடித்துவிட்டால், பெட்டியில் கண்ணுக்கு --5 தெரியும், வேல்யூ கேட்டால் வெற்று ஸ்ட்ரிங் வரும். நம்பர்( ) அதை 0 ஆக்கும். பயனர் ஏதோ அடித்தார், நிரலுக்கு 0 வந்தது, நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் புரியாது. வேலிடிட்டி.பேட்இன்புட் உண்மையாக இருக்கிறதா என்று பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். அல்லது வேல்யூஆஸ்நம்பர் என்று கேட்டு வாங்குங்கள், காலியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அது நேன் தரும்.

நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் வரிசை இது. ஒரு தனி ஃபங்ஷனாக வைத்துக்கொண்டு, உள்ளீடு வரும் ஒவ்வொரு இடத்திலும் அதையே அழையுங்கள்:

1. வந்தது நல்-ஆ? ஆம் என்றால் அங்கேயே நிறுத்து, பயனர் கேன்சல் அழுத்தியிருக்கிறார்.
2. ட்ரிம்( ) செய். மிஞ்சியது "" தானா? ஆம் என்றால் "எண் கொடுக்கவில்லை" என்று சொல்.
3. நம்பர்( )-க்குள் போடு.
4. நம்பர்.இஸ்ஃபைனைட்( ) கேள். இல்லை என்றால் "இது எண் இல்லை" என்று சொல்.
5. உங்கள் வரம்புக்குள் இருக்கிறதா பார். வயது என்றால் மைனஸ் ஆகாது. எண்ணிக்கை என்றால் நம்பர்.இஸ்இன்டிஜர்( ) கேள்.

இரண்டாவது படிக்கு முன் மூன்றாவது படி போனால் பயனில்லை. 0 ஆன பிறகு அது பயனர் அடித்த 0-வா, காலியாக விட்டதால் வந்த 0-வா என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் கிடையாது.

அறிகுறி: 0 அடித்தால் "எண்ணைக் கொடுங்கள்" என்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். இஃப் (!எண்) என்று சோதித்திருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 0-வும் பொய், நேன்-உம் பொய், இரண்டையும் ஒரே குப்பையில் போட்டுவிடும். எண் || 10 என்று இயல்பு மதிப்பு வைத்திருந்தால் 0 அடித்தவருக்கும் 10 போய்ச் சேரும். || இருக்கும் இடத்தில் ?? போட்டால் 0 தப்பிக்கும், ஆனால் நேன்-உம் தப்பித்து உள்ளே வந்துவிடும். மேலே உள்ள ஐந்து படிகளைச் செய்தால் இந்த இரண்டு குறுக்குவழியும் தேவைப்படாது.

அறிகுறி: எண்ணில் பாதியைக் காணவில்லை

12,500 கொடுத்தால் 12. 3.75 கொடுத்தால் 3. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இது நிச்சயம் பார்ஸ்இன்ட்( ).

பார்ஸ்இன்ட் இடமிருந்து படித்துக்கொண்டே போய், இலக்கம் அல்லாத முதல் எழுத்தில் நின்றுவிடும். அதுவரை படித்ததைக் கொடுத்துவிட்டு மீதியைப் பற்றி வாயே திறக்காது. "70கிலோ" என்பதிலிருந்து 70-ஐ எடுக்க வேண்டும் என்றால் அது நல்ல கருவி. பயனர் கொடுத்தது சரியா என்று பார்க்க அது உதவாது. தசமம் வேண்டும் என்றால் பார்ஸ்ஃப்ளோட்( ), ஆனால் அதுவும் காற்புள்ளியில் நின்றுவிடும்: "3,5" என்றால் 3. முழு ஸ்ட்ரிங்கும் எண்ணாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்றால், நம்பர்( ).

எண்ணாகவே இருக்கும் ஒன்றை முழு எண்ணாக்கப் பார்ஸ்இன்ட்டைப் பயன்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். 0.0000005-ஐக் கொடுத்தால் 5 வரும். உள்ளே அது முதலில் ஸ்ட்ரிங்காக மாறும்போது 5-இல் தொடங்கும் அடுக்குக்குறி வடிவம் எடுக்கிறது, பார்ஸ்இன்ட் அந்த 5-ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேத்.ட்ரங்க்( ) இருக்கிறது.

பட்டியல் முழுவதையும் ஒரே வரியில் மாற்றப் போய் ["10", "10", "10"] என்பதற்கு 10, நேன், 2 என்று விடை வந்தவர்கள் உண்டு. மேப்( )-க்குள் பார்ஸ்இன்ட்டை அப்படியே கொடுத்திருப்பார்கள். மேப் ஒவ்வொரு மதிப்போடும் அதன் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பும், பார்ஸ்இன்ட் அந்த இரண்டாவது எண்ணை "எத்தனை அடிமானம்" என்று எடுத்துக்கொள்ளும். மூன்றாவது "10" இரண்டடிமானத்தில் படிக்கப்பட்டு 2 ஆகிறது. பார்ஸ்இன்ட்டுக்குப் பதில் நம்பர் என்று கொடுங்கள், அது இரண்டாவது எண்ணைக் கவனிக்காது.

அறிகுறி: கணக்கு சரி, ஒப்பிடுவது தப்பு

"10" < "9" என்று கேட்டால் உண்மை என்கிறது. இரண்டும் ஸ்ட்ரிங், எனவே அகராதி வரிசையில் ஒப்பிடுகிறது, 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வரும். ஒற்றை இலக்கத்தில் மட்டும் சோதித்தால் இது வெளியே வரவே வராது. எப்போதும் 9-ஐயும் 10-ஐயும் வைத்துச் சோதியுங்கள்.

வரிசைப்படுத்தும் சார்ட்( )-இல் இன்னும் ஒரு படி மேலே. உள்ளே இருப்பவை நிஜ எண்களாகவே இருந்தாலும் அது ஸ்ட்ரிங்காகத்தான் ஒப்பிடும். [10, 9, 1] என்பது 1, 10, 9 ஆகும். சார்ட்((அ, ஆ) => அ - ஆ) என்று கொடுக்க வேண்டும்.

எண் கண்டுபிடிக்கும் விளையாட்டில் சரியான எண்ணைச் சொன்னாலும் "தவறு" என்கிறதா? விடை === 7 என்ற ஒப்பீட்டில் ஒரு பக்கம் "7" இருக்கிறது. ஸ்விட்ச் எழுதியவர்களுக்கும் இதே கதிதான், ஸ்விட்ச் உள்ளே === முறையில்தான் ஒப்பிடும், கேஸ் 1 என்பது "1"-க்குப் பொருந்தாது. === இருக்கும் இடத்தில் == போட்டால் ஓடும். ஓடுவதைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள்: "" == 0 என்பதும் உண்மையாகிவிடும், காலியாக விட்டவரும் 0 சொன்னவராகிவிடுவார். வாங்கும் இடத்தில் மாற்றுங்கள், === அப்படியே இருக்கட்டும்.

அறிகுறி: மாற்றப் போனால் எரர் வந்து நிற்கிறது

சிவப்பு எழுத்து வந்தால் நல்லது, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும்.

"அறிவிக்கப்படவில்லை" என்ற எரர்: பெரிய எழுத்து சின்ன எழுத்து பாருங்கள். நம்பர் என்பதில் முதல் எழுத்து பெரியது. பார்ஸ்இன்ட் என்பதில் நடுவே வரும் இன்ட்-இன் முதல் எழுத்து மட்டும் பெரியது.

நல்-இலிருந்து வேல்யூவைப் படிக்க முடியவில்லை என்ற எரர்: பெட்டியின் ஐடி பொருந்தவில்லை, அல்லது ஸ்கிரிப்ட் பக்கத்தின் தலையில் இருக்கிறது, பெட்டி உருவாகும் முன்பே ஓடிவிட்டது. ஸ்கிரிப்ட் தனிக் கோப்பில் இருந்தால் அதன் குறிச்சொல்லில் டிஃபர் சேர்த்துப் பாருங்கள்.

ட்ரிம் ஒரு ஃபங்ஷன் அல்ல என்ற எரர்: ஏற்கனவே எண்ணாகிவிட்டதை மறுபடி ட்ரிம் செய்கிறீர்கள். இரண்டு இடத்தில் மாற்றுகிறீர்கள் என்று பொருள், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எண்ணின் வால் தப்பாக இருக்கிறது

0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004. உங்கள் மாற்றத்தில் தவறில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் எண்கள் இரண்டடிமானத்தில் இருப்பதால் 0.1-ஐத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. காட்டுவதற்கு மட்டும் என்றால் கடைசி வரியில் டூஃபிக்ஸ்ட். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, 1.005-ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் "1.00" என்றுதான் வரும்.

நீளமான எண்ணில் கடைசி இலக்கம் மாறுகிறது என்றால் அது வேறு விஷயம். "9007199254740993" என்று கொடுத்துப் பாருங்கள், 9007199254740992 என்று வரும். முழு எண்ணைப் பிசகில்லாமல் வைத்துக்கொள்ளும் எல்லை 9007199254740991. முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த எண்ணை நான் கூட்டப் போகிறேனா, பெருக்கப் போகிறேனா? இல்லை என்றால் அது எண்ணே அல்ல. தொலைபேசி எண், அட்டை எண், கணக்கு எண் எல்லாம் இலக்கங்களால் ஆன பெயர்கள். ஸ்ட்ரிங்காகவே விட்டுவிடுங்கள். எண்ணாக்கினால் "0044" வெறும் 44 ஆகிவிடும், தொலைந்த சைபர்கள் திரும்ப வராது. நிஜமாகவே அவ்வளவு பெரிய எண்ணில் கணக்குப் போட வேண்டும் என்றால் பிக்இன்ட்( ) இருக்கிறது. தசமப் புள்ளி வைத்த ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது எரர் தரும்.

எப்போது அனுபவமுள்ளவரைக் கூப்பிட வேண்டும்

நிஜப் பணம் கை மாறும் நிரல் என்றால், முதல் நாளே. சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போடுவதா, தசமத்துக்கென்றே இருக்கும் நூலகத்தைச் சேர்ப்பதா, எங்கே முழுமையாக்குவது என்பதெல்லாம் பிறகு மாற்றினால் செலவு வைக்கும் முடிவுகள். மருந்தளவு போல ஆள் உடம்பைத் தொடும் கணக்குக்கும் இதேதான்.

சர்வரிலிருந்து ஜேசனாக (தரவை எழுத்து வடிவில் அனுப்பும் முறை) வரும் ஐடி உங்கள் கைக்கு வரும்போதே கடைசி இலக்கம் மாறியிருந்தால், பிரவுசர் பக்கத்தில் என்ன செய்தாலும் பயனில்லை. சேதம் ஜேசனைப் பிரிக்கும்போதே நடந்துவிட்டது. அந்த ஐடியை மேற்கோள் குறிக்குள் வைத்து ஸ்ட்ரிங்காக அனுப்பும்படி சர்வர் பக்கம் எழுதுகிறவரிடம் கேளுங்கள்.

பல நாட்டவர் பயன்படுத்தும் பக்கம் என்றால் "1.234" என்பது ஒருவருக்கு ஒன்றே சொச்சம், இன்னொருவருக்கு ஆயிரத்துச் சொச்சம். இதை ரிப்ளேஸ் வைத்து ஊகிக்க முயலாதீர்கள். பெட்டியின் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு அந்த வேலை தெரிந்தவர் வேண்டும். பிரவுசரில் நீங்கள் வைக்கும் சோதனைகளை யார் வேண்டுமானாலும் தாண்டிவிட முடியும் என்பதால், சேமிக்கப்போகும் எந்த எண்ணையும் சர்வரிலும் சோதித்தாக வேண்டும். அதை எழுதுவதும் அவர் பொறுப்பு.

கூப்பிடும்போது முழு நிரலையும் அனுப்பாதீர்கள். பயனர் அடித்தது என்ன, [ ] சோதனையில் தெரிந்தது என்ன, எதிர்பார்த்த விடை என்ன, வந்த விடை என்ன, எந்த பிரவுசர். இந்த ஐந்து வரியும், பிழை வரும் அந்த மூன்று நான்கு வரி நிரலும் போதும். உள்ளீட்டை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள். படத்தில் 45-ம் 8722-ம் ஒரே கோடுதான்.